மோவாப் போகிறீர்களா? முதலில் நெருஞ்சியைக் கவனியுங்கள்

வருஷா வருஷம் அக்டோபரில் நாங்கள் நான்கு பேரும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனத்துக்குப் போய்விடுவோம். விடிந்ததும் ஓட்டம், அப்புறம் சைக்கிள். ஜூலையில் பிள்ளைகளோடு போகாதீர்கள். பாறை அடுப்பாகக் கொதிக்கும்.

டயர்தான் முக்கியம். அங்கே சக்கரத்துக்கு எமன் நம் ஊர் நெருஞ்சிதான், அதே செடி! முதல் வருஷம் காரிலிருந்து இறக்கிப் பத்தடி உருட்டியதற்கே மகளின் முன்சக்கரத்தில் ஐந்து முள். பிடுங்கப் பிடுங்கப் புஸ்ஸென்று காற்று போனது. அன்றிலிருந்து ட்யூப் இல்லாத டயரில் சீலன்ட் என்ற பால் போன்ற திரவத்தை ஊற்றித்தான் கிளம்புகிறோம். முள் தைத்தால் உருவிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள்; உள்ளே இருக்கும் அந்தப் பால் ஓட்டையில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

பாறை மேலேயே போகும் ஸ்லிக்ராக் (வழுக்குப் பாறை) சைக்கிள் தடம் சுமார் 10 மைல்தான், ஆனால் செங்குத்து ஏற்றங்கள் தொடையை உருக்கிவிடும். குதிரை லாடம் வழுக்கியதால் வந்த பெயர் அது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் ரப்பர் உடும்பாகப் பிடிக்கும். பாறையில் தீட்டிய வெள்ளைக் கோடுகளை விட்டு விலகாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு பக்கத்தில் உள்ள டெட் ஹார்ஸ் பாயின்ட் பூங்காவின் இன்ட்ரெபிட் சைக்கிள் தடங்கள் போதும்.

ஓடும்போது கறுத்துப் பொருபொருவென்று புடைத்திருக்கும் மண்ணை மிதிக்கவே கூடாது. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து கட்டிய உயிருள்ள தோல் அது. ஒரு காலடி ஆறப் பல பத்தாண்டுகள்கூட ஆகும். மகன் முன்னால் ஓடி, "கறுப்பு மண்ணு, அப்பா!" என்று கத்துவான்.

தடத்தில் தண்ணீர் கிடையாது. தலைக்கு 3 லிட்டர், கூடவே புளிச்சாதம் கட்டிக்கொள்ளுங்கள்.