விளையாட்டு மாணவர்கள் சமூக ஊடகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்க ஒரு பிள்ளை எவ்வளவு பாடுபடுகிறது என்று கோலாலம்பூர் பெற்றோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடிவதற்குள் பயிற்சி, மாலையில் மறுபடியும் புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கில், நடுவில் வகுப்பும் தேர்வும். இத்தனையும் ஒரு நிமிடத்தில் போட்ட பதிவால் வீணாகிறது என்றால் வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான சிக்கல் தோற்ற அன்றைக்கு இரவில்தான் ஆரம்பிக்கிறது. ஆட்டத்தில் இறக்கவில்லை என்ற கோபத்தோடு ஒரு மாணவி பேருந்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வையுங்கள். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து: ‘கோச்சுக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும்தான் இடம்.’ பெயர் எதுவும் இல்லை, நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் தெரியும் பச்சை வட்டம், அதுவும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பேருந்து விடுதிக்குப் போய்ச் சேரும் முன்பே ஸ்கிரீன்ஷாட் அணியின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கு வந்துவிடும். பயிற்றுநர் பெயர் இல்லாவிட்டாலும் யாரைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சொன்னது இந்த நேரத்துக்குத்தான். ஆட்டம் முடிந்த இரவில் எதுவும் போடாதீர்கள். மனதில் இருப்பதைக் கொட்ட வேண்டுமா? நண்பரோடு மாமாக் கடையில் உட்கார்ந்து வாயால் பேசுங்கள், கைப்பேசியால் வேண்டாம்.

அடுத்தது, ‘அது எப்போதோ சின்ன வயதில் போட்டது’ என்ற தைரியம். இங்கிலாந்துக் கிரிக்கெட் வீரர் ஓலி ராபின்சன் 2021 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் தன் முதல் டெஸ்ட் ஆடினார். பதின்ம வயதில் அவர் போட்ட இனவெறி ட்வீட்டுகளை முதல் நாளன்றே யாரோ தோண்டி எடுத்தார்கள். அந்த டெஸ்டில் ஏழு விக்கெட் எடுத்தும், ஆட்டம் முடிந்த கையோடு அவரை அணியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். அமெரிக்காவின் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர் கார்டேல் ஜோன்ஸ், பந்து விளையாட வந்தவனுக்கு வகுப்பு எதற்கு என்ற பொருளில் 2012இல் ஒரு ட்வீட் போட்டார். பிறகு 2017இல் பட்டமே வாங்கிவிட்டார். ஆனாலும் அவர் பேரைச் சொன்னால் பலருக்கு இன்றும் அந்த ட்வீட்தான் ஞாபகம் வருகிறது. ஆகவே படிவம் ஒன்று படிக்கும்போது தொடங்கிய முகநூல் கணக்கு உங்களுக்கு இருந்தால், மாநிலத் தேர்வுக்குப் போகும் முன் ஒரு நாள் உட்கார்ந்து அதை அடிவரை படித்துப் பாருங்கள். நண்பர்கள் உங்களை இணைத்துப் போட்ட படங்களையும் விடாதீர்கள்.

இனம், சமயம், மலாய் ஆட்சியாளர்கள் (சுல்தான்கள்). இந்த மூன்றையும் தொட்டு ‘சும்மா தமாஷ்’ செய்வது நம் நாட்டில் மிக ஆபத்தானது. 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவின்படி, பிறரைப் புண்படுத்தும் நோக்கில் மிக மோசமான பதிவு போடுவது குற்றம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் அதிகபட்ச அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாகவும், சிறையை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாகவும் உயர்த்தியிருக்கிறது. தமாஷ் என்ற சாக்கு வெளிநாட்டிலும் எடுபடவில்லை. கிரேக்கத்தின் மும்முறைத் தாண்டல் வீராங்கனை வூலா பாபாக்ரிஸ்டு ஆப்பிரிக்கர்களைக் கிண்டல் செய்து ட்வீட் போட்டார். மன்னிப்புக் கேட்டும் 2012 லண்டன் ஒலிம்பிக் அணியிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள்.

இதில் நமக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. 2021இல் சுதிர்மான் கிண்ணப் பூப்பந்துப் போட்டியில் நம் வீராங்கனை கிசோனா தோற்றபோது, எந்த எஸ்டேட்டிலிருந்து பிடித்து வந்தார்கள் என்கிற மாதிரி ஓர் அரசியல்வாதி முகநூலில் எழுதினார். நாமெல்லாம் கொதித்தோம், கொதித்ததும் நியாயம்தான். அதே நாம் எதிரணிப் பிள்ளையின் நிறத்தையோ இனத்தையோ புலனக் குழுவில் கேலி செய்வது எந்த வகையில் சரி?

அப்புறம் சில சின்ன விஷயங்கள். உடை மாற்றும் அறையில் வீடியோ எடுக்காதீர்கள், பின்னால் நிற்கும் தோழருக்கும் மானம் உண்டு. யாருக்குக் காயம், நாளை யார் ஆடமாட்டார் என்பதை வெளியில் சொல்லாதீர்கள். பந்தயச் சீட்டு படம் விளையாட்டாகக்கூட வேண்டாம். கணக்குக்குக் கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்புப் போட்டு வையுங்கள். 2016இல் அமெரிக்கக் கல்லூரி வீரர் லாரமி டன்சிலை தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்கவிருந்த நேரம். அதற்குச் சில நிமிடங்கள் முன்பு அவருடைய கணக்கிலேயே அவர் கஞ்சா புகைப்பதுபோல் தெரியும் பழைய வீடியோ வந்தது. கணக்கில் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்றார்கள். பல அணிகள் அவரைத் தாண்டிப் போக, 13ஆவதாகத்தான் தேர்வானார்.

தவறிப் போட்டுவிட்டால்? அழித்துவிட்டு ‘நான் போடவே இல்லை’ என்று சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஸ்கிரீன்ஷாட் வெளியே வந்ததும் பொய் சொன்ன குற்றமும் சேர்ந்துகொள்ளும். பதிவை எடுத்த கையோடு பயிற்றுநரை அழையுங்கள். அவருக்கு வேறு யாரோ அனுப்புவதற்கு முன் உங்கள் வாயால் கேட்கட்டும். மன்னிப்பை, பதிவு போட்ட அதே இடத்தில் போடுங்கள். ‘யார் மனதாவது புண்பட்டிருந்தால்’ என்று இழுக்காமல், செய்தது தவறு என்று நேராகச் சொல்லுங்கள்.

கடைசியாக அம்மா, அப்பா, சித்தப்பா, மாமா எல்லோருக்கும்: பிள்ளைக்காக அணியின் முகநூல் பக்கத்தில் சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் கோபத்தில் எழுதிய வரிக்கு மறுநாள் பயிற்சியில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஓரங்கட்டுகிறார்கள் என்று உண்மையிலேயே தோன்றினால், தேதியோடு நடந்ததைக் குறித்துவைத்து, பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவுக்குக் கடிதமாகக் கொடுங்கள். ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.