அயர்லாந்துக் கடலுணவுச் சௌடர்: பால் திரியாமல், மீன் குழையாமல்

கின்சேல், ஹோத், டிங்கிள் போன்ற அயர்லாந்துக் கடற்கரை ஊர்களில் மதிய வேளையில் ஒரு பப்புக்குள் (உணவும் தரும் மதுக்கூடம்) நுழைந்தால், ஆவி பறக்கும் ஒரு கிண்ணம் சௌடரும் (பாலும் கடலுணவும் சேர்ந்த கெட்டிச் சூப்) அதன் அருகே வெண்ணெய் தடவிய பழுப்பு ரொட்டியும் பெரும்பாலும் கிடைத்துவிடும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துச் சௌடர் மட்டியை நம்பி நிற்பது. அயர்லாந்துச் சௌடருக்கோ புகையூட்டிய மீன்தான் உயிர். அந்த மீனின் மணத்தைப் பாலில் இறக்கத் தெரிந்துவிட்டால், க்ரீமை அள்ளிக் கொட்டிச் சுவை தேட வேண்டியிருக்காது.

நால்வருக்குப் புகையூட்டிய ஹாடக் என்னும் கடல்மீன் 200 கிராம், காட் அல்லது ஹேக் போன்ற வெள்ளை மீன் 250 கிராம், சால்மன் 150 கிராம், ஓட்டுடன் கூடிய மஸல் சிப்பி 500 கிராம், உரித்த இறால் ஒரு கைப்பிடி ஆகியவை போதும். புகையூட்டிய ஹாடக் என்றதும் கருவாட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது உப்புநீரில் சிறிது நேரம் ஊறி, சூடில்லாத புகையில் தொங்கிய, உள்ளே இன்னும் பச்சையாகவே இருக்கும் மீன். பளீரென்ற மஞ்சளில் இருப்பது சாயம் ஏற்றியது என்பதால், வெளிறிய நிறத்தில் இருப்பதையே நான் வாங்குவேன்.

முதலில் 400 மில்லி கொழுப்பு நீக்காத பாலில் ஹாடக்கையும், ஒரு பே இலையையும் (bay leaf), நான்கைந்து மிளகையும் போட்டு மிதமான தீயில் வைக்க வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றிப் பால் இலேசாக நடுங்கும்போதே அடுப்பை அணைத்து, எட்டு நிமிடம் மூடி வைத்தால் மீன் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். பிறகு மீனை எடுத்துத் தோலையும் முள்ளையும் நீக்கி, பெரிய இதழ்களாகப் பிரித்து வைத்துக்கொண்டு, பாலை வடிகட்ட வேண்டும். புகைமணம் ஏறிய இந்தப் பாலை ஒரு சொட்டும் வீணாக்கக் கூடாது.

அடுத்தது சிப்பி. கால்வேக்கும் மேயோவுக்கும் இடையிலுள்ள கில்லரி கடற்கழியில் கயிற்றில் வளர்க்கப்படும் சிப்பிகள் கடலடியைத் தொடாததால் அவற்றில் மணல் குறைவு. எங்கிருந்து வந்ததானாலும், வாய் திறந்திருக்கும் சிப்பியை மேடையில் ஒருமுறை தட்டிப் பார்த்து, மூடிக்கொள்ளாததைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். மீதியை 100 மில்லி தண்ணீருடன் கனத்த பாத்திரத்தில் போட்டு, மூடி, நல்ல தீயில் வைத்தால் மூன்று நான்கு நிமிடங்களில் திறந்துகொள்ளும். அப்போதும் திறக்காதவற்றை எறிந்துவிட வேண்டும். பாத்திரத்தில் ஊறிய சிப்பி நீரை மெல்லிய துணியில் வடிகட்டிச் சேமித்துக்கொண்டு, சதையை ஓட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இனி 40 கிராம் வெண்ணெயில் பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயம், ஒரு லீக்ஸ், ஒரு செலரித் தண்டு ஆகியவற்றைச் சிறுதீயில் பத்து நிமிடம், நிறம் மாறாமல் வதக்க வேண்டும். இரண்டு மட்டமான மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, பச்சை வாசம் போகக் கிளறி, சிப்பி நீரையும் 400 மில்லி மீன் எலும்புச் சாற்றையும் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். வெள்ளை மீனின் எலும்பிலிருந்து சாறு எடுப்பதானால் இருபது நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் கசப்பு இறங்கும். இதில் 350 கிராம் உருளைக்கிழங்கைச் சிறு துண்டுகளாகப் போட்டு மெத்தென்று வேகவிட வேண்டும். அயர்லாந்தில் அதிகம் விற்கும் ரூஸ்டர் போன்ற மாவுக்கிழங்கானால், சில துண்டுகளைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து நசுக்கிவிட்டால் அதுவே குழம்பைத் திடமாக்கும். கரண்டியை நட்டால் நிற்கும் அளவுக்கு மைதாவால் கெட்டியாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வடிகட்டிய பாலைச் சேர்த்த பிறகு சௌடர் ஒருபோதும் தளதளவென்று கொதிக்கக் கூடாது; மைதா ஓரளவு காத்தாலும், கொதி ஏறினால் பால் திரிந்துபோகலாம். வெள்ளை மீனையும் சால்மனையும் இரண்டு விரல் அகலத் துண்டுகளாக இட்டு மூன்று நிமிடம், இறாலைப் போட்டு மேலும் இரண்டு நிமிடம் வைத்தால் போதும். நான் முதன்முறை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டதில், மீன் நார்நாராகி, இறால் ரப்பராகிவிட்டது. கடைசியில் ஹாடக்கையும் சிப்பியையும் 100 மில்லி க்ரீமையும் சேர்த்து, கரண்டியால் கிண்டாமல், பாத்திரத்தை இலேசாகச் சுழற்றிவிட வேண்டும். ஹாடக்கிலும் சிப்பி நீரிலும் ஏற்கெனவே உப்பு இருப்பதால், ருசி பார்த்த பிறகே உப்பைத் தொட வேண்டும்.

பார்ஸ்லித் தழையோ டில் தழையோ தூவி, சூடாகவே பரிமாற வேண்டும். உடன் வைக்கும் சோடா ரொட்டிக்கு ஈஸ்ட் தேவையில்லை. கோதுமை மாவில் கலந்த சமையல் சோடா மோரின் புளிப்போடு சேர்ந்து பொங்குவதால் பிசைந்தவுடனே ஓவனில் வைத்துவிடலாம். சௌடர் மிஞ்சினால் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே சிறுதீயில், ஆவி பறக்கும் வரை மட்டும் சூடாக்கிச் சாப்பிட்டுவிட வேண்டும்.