பரிசலிலும் நடையிலுமாக ஒகேனக்கல் அருவிகளின் அடிவாரத்துக்கு

ஒகேனக்கல்லுக்கு வருவோரில் பலர் தொங்குபாலத்தில் நின்று அருவியைப் பார்த்துவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாறைச் சுவர்களுக்கு நடுவே பரிசலில் போய், இடையிடையே இறங்கி நடந்து, அருவி விழும் பள்ளத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்கே அவ்வூர்ப் பெயரின் பொருள் கண்ணுக்குத் தெரியும். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, விழுந்து சிதறும் நீர்த்திவலைகள் கல்லே புகைவதைப் போல எழும்பிக்கொண்டிருக்கும்.

புறப்படும் முன் நீர்வரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளவிடப்படும் நீர்வரத்தை நாளிதழ்கள் 'வினாடிக்கு இத்தனை கனஅடி' என்று வெளியிடுகின்றன. தருமபுரியில் வெயில் காயும் நாளிலும், குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழையால் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பி, அங்கு திறக்கப்படும் உபரிநீர் இங்கே வெள்ளமாக வந்து சேரும். 2024 ஜூலை இறுதியில் நீர்வரத்து 1 லட்சம் கனஅடியைத் தாண்டியது. வெள்ளம் கூடினால் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துவிடும். இதை விசாரிக்காமல் ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் வயதான பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு போய், பூட்டிய பரிசல் துறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஆடிப்பெருக்கு நாளில் கூட்டமும் நெருக்கும் என்பதால், தை, மாசி மாதங்களையே நான் பரிந்துரைப்பேன். கோடை முற்றிவிட்டால் அருவிகள் மெலிந்துபோகும்.

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். இண்டூர், பென்னாகரம் வழியாகப் பேருந்துகள் உண்டு. பென்னாகரத்தைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் வளைந்து இறங்கத் தொடங்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியினர் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக வரலாம். அது அழகான பாதை என்றாலும் யானைகள் நடமாடும் காட்டுப் பாதையாதலால், பகலில் மட்டுமே அதைத் தேர்ந்தெடுங்கள்.

பரிசலுக்கான சீட்டை உரிய இடத்தில் மட்டும் வாங்குங்கள். வழியில் மறித்து, கூடுதல் தொகைக்கு வேறொரு துறையிலிருந்து அழைத்துப் போவதாகச் சொல்பவர்களுடன் போக வேண்டாம். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அடியில் நீர் புகாதபடி உறை போர்த்திய வட்டக்கூடைதான் பரிசல். முற்காலத்தில் அந்த உறை தோலாக இருந்தது. சுமார் 7 அடி அகலமே உள்ள அதற்கு முன்புறம், பின்புறம் என்று எதுவும் இல்லை. ஒரே ஒரு துடுப்பு அதை நடத்துகிறது. ஆகவே ஏறும்போது விளிம்பை மிதிக்காமல் நடுவில் கால் வைத்து, பரிசல் ஓட்டி காட்டும் இடத்தில் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். இருபுறமும் எடை சமமாக இருக்கும்படிதான் அவர் ஆட்களை அமர்த்துவார். புகைப்படம் எடுக்க எழுந்தால் அந்தச் சமநிலை குலையும். நால்வருக்கு மேல் ஏற ஒப்புக்கொள்ளாதீர்கள். உயிர்காக்கும் கவச உடையின் எல்லாப் பட்டைகளையும் இறுக்கிக் கட்டுங்கள். குழந்தைக்குப் பெரியவர்களுடையதை மாட்டினால், நீரில் விழும்போது உடை மேலே நிற்க, குழந்தை கீழே நழுவிவிடும். வேடிக்கைக்காகப் பரிசலைச் சுழற்றுவது சிலருடைய வழக்கம். தலைசுற்றல் உள்ளவர்கள் வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

நீரோட்டம் அனுமதிக்கும் நாளில் பரிசல் பாறை இடுக்குகளினூடே அருவிகளை நோக்கியும், மணல்திட்டுப் பக்கமும் போகும். நீர் ஆழமற்றோ கரடுமுரடாகவோ உள்ள இடத்தில் எல்லாரும் இறங்கிக் கற்களின் மேல் நடக்க, பரிசல் ஓட்டி கூடையைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு முன்னே செல்வார். ஈரம் சொட்டும் அந்தக் கரிய வட்டத்துக்குக் கீழே அவருடைய இரண்டு கால்கள் மட்டும் பாறைக்குப் பாறை தாவிச் செல்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூட அவை தடுமாறியதில்லை. அவர் மிதித்த கல்லையே நீங்களும் மிதியுங்கள். பாசி படிந்த பச்சைக் கல்லைத் தவிர்த்து உலர்ந்த கல்லைத் தேடுங்கள்; பின்பட்டை உள்ள ரப்பர் அடிச் செருப்பு நல்லது. உடம்பில் எண்ணெய் தேய்த்த பிறகு இந்த நடையை வைத்துக்கொள்ளாதீர்கள். இப்பகுதியில் உள்ள, கார்பனேட் கனிமங்கள் மிகுந்த 'கார்பனடைட்' என்னும் தீப்பாறைகள் ஏறத்தாழ 240 கோடி ஆண்டுப் பழமையுடையவை என்பதையும் நடக்கும்போது எண்ணிப் பாருங்கள்.

அமைதியாகத் தோன்றும் மடுக்களில் இறங்கவே கூடாது. மேலே அசைவற்றிருக்கும் நீருக்கு அடியில் ஆற்றுநீர் குடைந்த குழிகளும் சுழல்களும் இருக்கின்றன. காவிரியில் முதலைகளும் உண்டு. குளிப்பதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டும் குளியுங்கள்.

சுற்றியுள்ள காடுகளில் ஒரு பகுதி, 2022இல் அறிவிக்கப்பட்ட, 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. கரையோரமாக இன்னும் உள்ளே நடக்க விரும்புபவர்கள் வனத்துறையின் முன்அனுமதி பெற வேண்டும். வறண்ட மாதங்களில் யானைகள் தண்ணீருக்காக ஆற்றுக்கு இறங்கி வரும் என்பதால், பிற்பகல் 3 மணிக்குள் பரிசலை விட்டுக் கரையேறி, இருட்டுவதற்குள் பென்னாகரம் போய்ச் சேரும்படி திரும்புங்கள்.