குப்பைமேட்டை பயோமைனிங்குக்கு விடும்போது ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற பழைய குப்பைமேடுகளைக் கிளறிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலையில் பெரும்பாலான தகராறு அளவில்தான் கிளம்பும். முதல் பொக்லைன் இறங்கும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.

மேல்மட்டத்தை டிரோன் சர்வே காட்டிவிடும். வில்லங்கம் அடிமட்டத்தில். பள்ளத்தில் கொட்டிய குப்பை தரைக்குக் கீழேயும் இறங்கியிருக்கும். பல இடங்களில் சோதனைக் குழி தோண்டி, இயல்பான மண் தட்டுப்படும் மட்டத்தை டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் எடுத்து, அன்றைக்கே உள்ளாட்சி, ஒப்பந்ததாரர் இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒரு ஏக்கரில் அரை மீட்டர் பிசகினால் சுமார் 2,000 கன மீட்டர் கணக்கில் கூடும் அல்லது குறையும். மதிப்பீட்டைத் தாண்டிய அளவுக்கு எதுவரை அதே ரேட், எங்கே புது அனுமதி என்பதையும் எழுதுங்கள்.

டன் கணக்கா, கன மீட்டரா? கன மீட்டர்தான் மேல். டன் என்றால் மழையில் நனைந்த குப்பைக்கும் காசு போகும். எடைமேடையில் வெற்று வண்டியைத் தினமும் எடை போடாவிட்டால் பழைய எடையே சீட்டில் ஓடும். ஆனால் கன மீட்டரில், புதுக் குப்பை அதே மேட்டில் விழுந்தால் கணக்கே குழம்பும். வேலி போட்டு இடத்தைப் பிரித்துக் கொடுப்பது உள்ளாட்சியின் பொறுப்பு என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.

சலித்ததும் முழுப் பணம் கொடுத்தால், சல்லடைக்கு இந்தப் பக்கம் இருந்த மேடு அந்தப் பக்கம் நிற்கும்! ரேட்டில் ஒரு கணிசமான பங்கை, பிரித்த பொருள் வெளியேறும்வரை நிறுத்திவையுங்கள். பிளாஸ்டிக், துணி கலந்த ஆர்.டி.எஃப். (எரிபொருளாகும் கழிவு) சிமென்ட் ஆலைக்குப் போகிறதென்றால் லாரி வாடகை யாருடையது, ஈரமென்று திருப்பி அனுப்பினால் செலவு யார் தலையில் என்பது தெளிவாக இருக்கட்டும். ஆலையின் ரசீதும் லாரியின் நடைச்சீட்டும் ஒத்துப்போனால் மட்டுமே பில்.

அக்டோபர் முதல் டிசம்பர்வரை ஈரமண் சல்லடைக் கண்ணை அடைத்துவிடும். அந்த மாதங்களைக் கால அட்டவணையிலேயே குறைத்துப் போடுங்கள். பிறகு அபராதம், கால நீட்டிப்பு என்று மல்லுக்கட்ட வேண்டாம்.

தளத்தில் வாய்ச்சொல்லாகக் கொடுத்த உத்தரவை அன்று மாலைக்குள் கடிதமாக்குங்கள். வேலை நடக்க நடக்கப் போடும் ரன்னிங் பில்லில் ஒரு பகுதி மீது சந்தேகம் என்றால் அதை மட்டும் நிறுத்தி, மீதியை விடுங்கள். மொத்தமாக முடக்கினால் ஒப்பந்ததாரரைவிட முதலில் நிற்பது வாடகை லாரிக்காரர்தான். அவர் நின்றால் சலித்தது அங்கேயே குவியும், கோடையில் தீப்பிடிக்கும். தண்ணீர் லாரி யார் நிறுத்துவது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.