பாக் லைட்டுக்கு ரிலே போட்ட கதை

மார்கழி விடியலில் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்கு வண்டியில் கிளம்பினால் பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டாலும் வெள்ளைத் திரைதான் தெரியும். அதற்காகக் கடையில் பாக் லைட் (பனிமூட்ட விளக்கு) மாட்டினோம். சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ரிலே இல்லாமல் வயரை நேராக சுவிட்சுக்கே இழுத்துவிட்டார்கள். 55 வாட் பல்பு இரண்டென்றால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல், சுவிட்ச் கொதித்தது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வயரிங்கை மாற்றினேன். பேட்டரி பாசிட்டிவ், பக்கத்திலேயே 15 ஆம்பியர் பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்ற முனைக்கு, 87 முனையிலிருந்து லைட்டுக்கு. பார்க்கிங் லைட் வயரிலிருந்து சுவிட்ச் வழியாக 86 முனைக்கு, 85 முனையிலிருந்து எர்த்துக்கு. அதற்குப் பதில் இக்னிஷன் வயரிலிருந்து எடுத்தால் சாவியோடு லைட்டும் அணையும் என்பார்கள் சிலர். எனக்கு இதுவே போதும்.

இடது லைட் மட்டும் மினுக்கியது. எர்த் போல்ட்டுக்கடியில் பெயின்ட்! உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கத் தேய்த்ததும் நின்றது. வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்து, லைட் உயரத்துக்குக் கீழேயே இறக்கிவைத்தேன். எதிரே வருகிறவர் திட்டுவதில்லை.