இறங்கிக்கொண்டே இருந்த டிரைபாட் கால்

திருவையாறு படித்துறையில் இரவில் கேமரா ஷட்டரை 30 விநாடி திறந்து வைத்து எடுத்த படங்களில் எதிர்க்கரை விளக்குகள் எல்லாம் சாய்வான சின்னக் கோடுகளாக விழுந்தன. டிரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) கார்பன் ஃபைபர், பயணத்துக்கு என்று வாங்கியது. முதல் சந்தேகம் அதன் எடைக்குறைவு மேல்தான்.

கை பட்டு அதிராமல் இருக்க செல்ஃப் டைமர் வைத்தேன், கேமராவின் ஆட்டம் குறைக்கும் ஸ்டெபிலைசரை அணைத்தேன், டிரைபாட்டின் நடுத்தண்டை இறக்கினேன். மாற்றமில்லை. ஆடாமல் இருக்க டிரைபாட்டின் கொக்கியில் பையை மாட்டியதும் கோடு இன்னும் நீண்டது! அங்கேதான் பொறி தட்டியது. காற்றில் ஆடினால் விளக்கு கிறுக்கலாக விழும். இது எல்லாப் படத்திலும் ஒரே திசையில் நேர்கோடு.

ஒவ்வொரு காலிலும், குழாயை இறுக்கிப் பிடிக்கும் திருகு லாக்குகளில் கடைசி லாக்குக்கு ஒரு விரல் கீழே வெள்ளை டேப் ஒட்டிப் பார்த்தேன். ஒரு காலில் மட்டும் டேப்புக்கும் லாக்குக்கும் இடைவெளி குறைந்திருந்தது, அதாவது குழாய் மெல்ல உள்ளே வழுக்கியிருந்தது.

அந்த லாக்கை முழுக்கத் திருகிக் குழாயை உருவினால், உள்ளே இரண்டு அரைவட்டப் பிளாஸ்டிக் பட்டைகள். அவற்றின் மேல் ஆற்று வண்டல், மாவு போல. பட்டைகள், மரை, குழாய் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்தினேன். சைக்கிள் கடைக்காரர் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொன்னார். விடவில்லை, பட்டை குழாயைப் பிடிப்பதே உராய்வில்தானே! திரும்பப் பூட்டும்போது பட்டையிலுள்ள குமிழ் குழாயின் துளையில் உட்கார வேண்டும், இல்லையென்றால் லாக் சரியாக இறுகாது.

இப்போது விளக்குகள் புள்ளியாகவே விழுகின்றன. ஆற்று மணலில் நிற்கும்போது மட்டும் கடைசிக் கணுவை ஒரு சாண் நீட்டிவிடுகிறேன். லாக் சேற்றுக்கு மேலே நிற்கும். அப்புறம், புதிதாக வாங்குபவர்கள் லாக்கைக் கையாலேயே கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.