சுசுகி சாமுராய் ஜீப்பின் கூரையை வெட்டிய கதை

கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்தவன் நான். வீடு சிங்கப்பூர் உட்லண்ட்ஸில், வண்டி மலேசியாவின் குளுவாங்கில், மச்சானின் செம்பனைத் தோட்டத்தில். சிங்கப்பூர்ச் சாலையில் ஓடும் வண்டியில், கூரையை வெட்டிவிட்டு, கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு வைக்கும் இந்த வேலையைச் செய்ய நினைக்காதீர்கள்; நிலப் போக்குவரத்து ஆணையம் விடாது.

முதலில் பேட்டரி, பெட்ரோல் டேங்க், சீட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கூரையைத் தொடுமுன் ஒவ்வொரு கதவு வாசலுக்கும் குறுக்கே ஒரு கம்பியை வெல்டிங் செய்யுங்கள். நான் சோம்பலில் விட்டேன். வெட்டி முடித்ததும் வாசல் கோணிப்போய், கதவு பூட்டவே மாட்டேன் என்றது.

கூண்டுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டவே வேண்டாம். தையலில்லா (நீளவாக்கில் வெல்டிங் இணைப்பு இல்லாத) கார்பன் எஃகுக் குழாய், 45 மிமீ விட்டம், 2.5 மிமீ தடிமன். வளைவில் மடிப்பு விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள். தரைத் தகடு மெல்லியது, குழாய் அதைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும்; அதனால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் 3 மிமீ தகடு, 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல்.

எல்லா இணைப்பையும் சின்னச் சின்னப் பொட்டு வெல்டிங் வைத்துத் தற்காலிகமாக நிறுத்தி, ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து பாருங்கள். தலை இடிக்கவில்லையா? சரி, அப்புறம் முழு வெல்டிங். கூரை இல்லாததால் மேல் இணைப்புகளைச் சுற்றிலும் கை எட்டும். மூடிய வண்டிக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது!